கவலையில்லாப் பதவி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைவிட, அந்தக் குடும்பங்களின் நலனுக்காக நடக்கும் சங்கத்தின் பதவிகள் அதிகம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லுகிறவனே அந்தச் சங்கத்தின் தலைவன் என்பதால் வெட்கம் கொஞ்சம் கூடுதல். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், அப்புறம் ஒன்றும் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களுக்காகவே உண்டாக்கிய ஆலோசகர், மூத்த ஆலோசகர். ஆண்டுக் கூட்டத்தில் பதவி இல்லாமல் இருந்தவர் டீ ஊற்றிக் கொடுக்கும் காளியம்மா ஒருத்திதான். போன வருஷம் அவளையும் மகளிர் பிரிவுத் தலைவி ஆக்கிவிட்டோம். அதற்குப் பிறகும் டீ அவள்தான் ஊற்றினாள்.

என் பெயர் தங்கையா. இந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். என் மனைவி சீதா அதே ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் இன்னும் வேலை பார்க்கிறாள். அவள் வேலையில் இருப்பதால்தான் ஊழியர்களுக்குத் தரும் ஸ்டாப் வீடு எங்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆக, வீட்டுக்கு யார் தலைவர் என்பது தோட்ட மேனேஜரான துரையின் ஆபீசுக்கு நன்றாகத் தெரியும். சங்கத்துக்கு மட்டும்தான் நான்.

என்னை ஏன் தலைவராக்கினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் கோட்டு இருந்தது. கேமரன் மலைக் குளிருக்கு எல்லாரும் சுவெட்டர்தான் போடுகிறார்கள். மகள் சாந்தினியின் பட்டமளிப்பு விழாவுக்காக நான் ஈப்போவில் ஒரு கோட்டுத் தைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் கூட்டத்துக்குப் போனேன். வேறு ஒரு தகுதியும் விசாரிக்காமல் கையைத் தூக்கிவிட்டார்கள். நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டின் முன்னறை என் ஆபீஸ் ஆனது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, என் பெயர் பொறித்த பலகை, சுவர் முழுக்கக் கேடயங்களும் போட்டோக்களும், எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் அடுக்கிய இரும்பு அலமாரி. எங்கள் வீட்டில் காலை வெயில் விழும் ஒரே அறை அதுதான். துணி காயாத இந்த ஊரில் அந்த அறையை என்னிடமிருந்து பிடுங்கச் சீதா வருஷக்கணக்கில் முயன்று பார்த்தாள். தலைவர் அறையில் உள்பாவாடை தொங்கினால் சங்கத்தின் மானம் என்ன ஆவது என்று நான் விடவில்லை.

இப்படி இருக்கும்போது பள்ளி விடுமுறைக்குச் சாந்தினி வந்தாள். அவள் தைப்பிங்கில் இடைநிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை. நான் பெயர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, உங்க பதவிக்கு இங்லிஷ்ல சரியா ஒரு வார்த்தை இருக்கு."

"பிரசிடெண்ட்தானே? கார்டுல போட்டிருக்கோமே."

"அது இல்லப்பா. சைனிக்யூர்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. அவள் அம்மாவுடையது. என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"லத்தீன்ல இருந்து வந்ததுப்பா. சினே-ன்னா இல்லாம. கூரா-ன்னா கவலை, பொறுப்பா பார்த்துக்கிறது. அந்தக் காலத்துல சர்ச்சுல பாதிரியாருக்கு ஒரு ஊரைக் கொடுப்பாங்க. அந்த ஊரு சனங்களோட ஆத்மாவைப் பார்த்துக்கிறதுதான் அவரு வேலை. சில பதவியில மட்டும் அந்த வேலையே கிடையாது. பேரு இருக்கும், மரியாதை இருக்கும், வருமானம் வரும். சனங்களைப் பத்தி கவலையே பட வேணாம். கவலையில்லாப் பதவி. அதான் சைனிக்யூர்."

"எனக்கு வருமானம் எங்க வருது?"

"அப்ப உங்களுது அதைவிட சுத்தமானது லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொங்கல் விழா நடத்தியது யார், மூன்று துரைமார்களுக்குப் பிரிவுபசாரம் செய்தது யார், கோயிலுக்கு வந்த மந்திரியை வாசலில் நின்று வரவேற்றது யார் என்று அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாத்துலயும் மாலை வருது பாத்தீங்களா?" என்றாள். மதியச் சாப்பாட்டில் கோபத்தைக் காட்டுவதற்காக ரசத்தை மறுத்துவிட்டு, எல்லாரும் எழுந்து போன பிறகு தனியாக ஊற்றிக் குடித்தேன்.

ஆனால் அந்த வார்த்தை பல்லில் மாட்டிய கீரை மாதிரி போகவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசைப்பட்டதே அப்படி ஒரு பதவிக்குத்தான். எனக்கு முன்னால் இருந்த தலைவர் பேரை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே ஆசை வந்தது.

சாந்தினி தைப்பிங் திரும்பிய வாரம் காளியம்மா வந்தாள்.

அவள் புருஷன் காளியண்ணன் ஸ்டோரில் கொழுந்து உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இந்த வருஷத் தொடக்கத்தில் மாரடைப்பில் போய்விட்டான். காளியம்மா முன்பு கொழுந்து எடுத்தவள்தான். முழங்கால் கெட்டுப்போய் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டாள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். பழைய துரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். இப்போது புதுத் துரை வந்திருக்கிறார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யும்படி ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு பை சௌசௌக் காய்.

"உள்ள வா காளி. பசியாறிட்டியா?"

"ஆச்சு தலைவரே. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீலாவுக்கு இந்த வருசம் எஸ்.பி.எம். பரீட்சை. இப்ப வீட்டை விட்டா கிள்ளான்ல என் தம்பி பிளாட்டுக்குத்தான் போகணும். பள்ளிக்கூடம் மாத்தணும். படிச்சதெல்லாம் பாழாப் போயிரும். பரீட்சை முடியுற வரைக்கும் வீட்ல இருக்க விட்டாப் போதும். அப்புறம் நானே சாவியைக் கொண்டு போய்க் கொடுத்துருவேன்."

நீலாவதி அவளுடைய ஒரே மகள். நன்றாகப் படிக்கிற பெண் என்று தோட்டம் முழுக்கச் சொல்வார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா துரை கேப்பாரு தலைவரே" என்றாள் காளியம்மா.

அந்த வாக்கியம் நேராக என் தலைக்கு ஏறிவிட்டது. சைனிக்யூர் என்றவளைக் கூப்பிட்டு இதைக் கேட்க வைக்க வேண்டும் போலிருந்தது. "நான் பார்த்துக்கிறேன், நீ கவலைப்படாம போ" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. அவள் கவலையை வாங்கி வைத்துக்கொண்டோமே, இனி அதை என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. சௌசௌவைச் சமையலறையில் வைத்துவிட்டு உடனே கமிட்டிக் கூட்டம் கூட்டினேன்.

எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். துரை ஆபீசுக்குள் சங்கம் வெறுங்கையோடு போகாது. மாலை, பொன்னாடை, பழத்தட்டு, குழு போட்டோ, அப்புறம்தான் பேச்சு. புதுத் துரைக்கு இன்னும் மரியாதை செய்யவில்லை என்பது வேறு உறுத்தலாக இருந்தது. முதலில் மரியாதை, அதே சூட்டில் கோரிக்கை என்று முடிவானது.

செயலாளர் வசந்தன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். பொருளாளர் சாமிநாதன் அதே பக்கம் பூந்தோட்டம் வைத்திருப்பவர். மாலைக்கு வெள்ளைச் செவ்வந்தி தருகிறேன் என்றார் சாமிநாதன். அது சீனர் சாவுக்கு வைக்கும் பூ, துரை தப்பாக நினைப்பார் என்றார் வசந்தன். துரை மலாய்க்காரர், அவருக்கு என்ன தெரியும் என்றார் இவர். ஜொகூரிலிருந்து வந்தவருக்கு எல்லாம் தெரியும் என்றார் அவர். மஞ்சளா, சிவப்பா, ரோஜாவா என்பதில் ஒரு மணி நேரம் போனது. போட்டோவில் துரைக்கு வலது பக்கம் யார் நிற்பது என்பதில் மீதி நேரம் போனது. காளியம்மா விஷயத்தை எப்படிக் கேட்பது என்று வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அதைத் தலைவரு பாத்துக்குவாரு லா" என்றார் வசந்தன்.

தட்டைப் பிடிக்க ஒரு பெண் வேண்டும். மகளிர் பிரிவுத் தலைவி இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? காளியம்மா வந்தாள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்காகத் தானே தட்டேந்தி வந்தாள்.

துரையின் பெயர் ஹம்சா, மலாய் மரியாதையில் என்சிக் ஹம்சா. கூச்சப்பட்ட மனிதர். நாங்கள் கும்பலாக நுழைந்ததும் யாரோ புகார் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று பயந்து எழுந்தார். மாலையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் மாலை போட்டேன். பொன்னாடையைப் போர்த்தினேன். வசந்தன் போட்டோ எடுத்தார். சாமிநாதன் கண் மூடிவிட்டதால் மறுபடி மாலையைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி எடுத்தோம்.

பிறகு நான் பேசினேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினேன். ஐயோ, என்ன பேச்சு அது. இந்த மலையில் இதுவரை இப்படி ஒரு துரை வந்ததில்லை என்றேன். அவர் வந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. இந்தத் தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றேன். குரல் தானாக ஏறியது. கை தானாக நீண்டது. "அதோ தட்டோடு நிற்கிறாரே, அவர் என் தங்கை" என்றேன். கமிட்டி கைதட்டியது. துரை திரும்பிக் காளியம்மாவைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து வணங்கினார். காளியம்மாவும் தட்டோடு குனிந்தாள். இதோ, விஷயத்துக்கு வருகிறார் தலைவர் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் கண் என் வாயிலேயே இருந்தது.

துரை மாலையைத் தடவிப் பார்த்தார். பழைய இடத்தில் யாரும் தன்னை இப்படி வரவேற்றதில்லை என்றார். எங்களுக்கு டீயும், மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பும் வரவழைத்தார். பிறகு, தோளில் என் பொன்னாடை நழுவாமல் பிடித்துக்கொண்டே, அவராகவே மலாயில் கேட்டார்.

"சொல்லுங்க தலைவர். லயத்துல ஏதாவது பிரச்சினை இருக்கா? எதுவானாலும் சொல்லுங்க."

கேட்டாரே. அவராகவே கேட்டாரே.

நான் சொன்னேன்: "நோ ப்ராப்ளம், சார். எவ்ரிதிங் ஓகே."

ஏன் சொன்னேன் என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். இப்போதுதான் மாலை போட்டிருக்கிறோம், போட்ட கையோடு குறை சொல்வது எப்படி என்று தோன்றியது. அந்த அறையில் எல்லார் முகத்திலும் சந்தோஷம் இருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் தனியாக வந்து கேட்கலாம் என்றும் நினைத்தேன். இதெல்லாம் ஜோடனை. பயம் என்பதுதான் உண்மை. இத்தனை வருஷத்தில் நான் எந்தத் துரையிடமும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது. போர்த்தத்தான் தெரியும்.

வசந்தன் இருமினார். சாமிநாதன் கறிபாப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். காளியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் 'நோ ப்ராப்ளம்' தெரியாதவர் மலேசியாவில் யார் இருக்கிறார்கள்?

இறக்கத்தில் நடந்து வரும்போது அவள் எனக்குப் பின்னால் வந்தாள். ஏன் கேட்கவில்லை என்று கேட்பாள், அழுவாள், நான்கு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். லயத்து முனைக்கு வந்ததும் நின்றாள்.

"தட்டை எங்க வைக்கட்டும் தலைவரே?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் போட்டோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. 'மகத்தான சந்திப்பு' என்று வசந்தன் தலைப்புப் போட்டிருந்தார். வாழ்த்துகள் தலைவரே, வாழ்த்துகள் தலைவரே என்று கட்டைவிரல்கள் வந்தபடி இருந்தன. சீதா ஸ்டோரிலிருந்து வந்து, கை கழுவி, போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"காளி மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"கோட்டு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சாந்தினிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, அந்தப் பாதிரியாரு சனங்களைப் பார்த்துக்கலன்னியே, அப்ப அவங்களை யாருதான் பார்த்தா?"

"எந்தப் பாதிரியாரு? ஓ, அதுவா. கீழ வேற ஒரு பாதிரி இருப்பாருப்பா. விக்கர், கியூரேட்டுன்னு. சின்னச் சம்பளம். சாவு, நோவு, எல்லாத்துக்கும் அவருதான் ஓடணும். அந்த கூரா-ங்கிற கவலைதான் கியூரேட்டுங்கிற பேர்லயும் இருக்கு. ஏம்பா, என்ன ஆச்சு?"

"சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் கீழே ஒருவரும் இல்லையே என்று உட்கார்ந்திருந்தேன். துணைத் தலைவர் இருக்கிறார். ஆனால் அவர் என்னைவிடக் கவலையில்லாதவர்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போவது என்று எழுந்தேன். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். துரை அங்கே தவறாமல் வருவார். முகம் கழுவிவிட்டுக் கோட்டைத் தேடினேன். ஆணியில் இல்லை.

"சீதா, கோட்டு எங்க?"

"தண்ணியில ஊறுது."

"கோட்டைப் போய் யாராவது தண்ணியில போடுவாங்களா?"

"கறிபாப் எண்ணெய் பட்டிருந்துச்சு" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய சுவெட்டரும் குல்லாயும் மாட்டிக்கொண்டு போனேன். நேப்பாளத்துப் பையன்களும் வங்காளதேசத்து ஆட்களும் கொழுந்து வெட்டும் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு பனியில் நின்றார்கள். குறை சொல்ல வந்தவர்கள் ஒரு பக்கம் வரிசையாக நின்றார்கள். ஒருவனுக்குக் கூரை ஒழுகுகிறது, ஒருவனுக்குப் பூட்ஸ் கிழிந்துவிட்டது. ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள். துரை தலையாட்டினார், ஆட்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் குறித்துக்கொண்டார், அடுத்த ஆள். இவ்வளவு சுலபமாகக் கேட்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் முறை வந்தது.

"நீங்க எந்த மண்டோர் ஆளு?" என்றார் துரை.

முந்தைய நாள் மாலை போட்டவனை அடையாளம் தெரியவில்லை. எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லையே, கோட்டைத்தானே.

"தங்கையா, துரை. ஸ்டோர்ல கிராணியா இருந்தவன். நேத்து வந்தேனே."

"ஆ, தலைவர்! என்ன விஷயம்?"

நானும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். காளியண்ணன் பெண்டாட்டிக்கு, மகள் பரீட்சை முடியும் வரை, அந்த வீடு வேண்டும்.

துரையின் முகம் மாறியது. கோபமில்லை, குழப்பம். "நான் நேத்தே கேட்டேனே தலைவர். பிரச்சினை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தான் மத்தியானம் அந்த வீட்டைப் புது ஆட்களுக்கு எழுதிட்டேன். ஒண்ணாந்தேதி, திங்கக்கிழமை வர்றாங்க. இனி எப்படி மாத்துறது? அவங்களுக்கும் கூரை வேணுமே."

முந்தைய நாள் மத்தியானம் வரைக்கும் வீடு இருந்திருக்கிறது. நான் கறிபாப் தின்றுகொண்டிருந்தபோதுகூட இருந்திருக்கிறது.

துரை கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "இருங்க. அந்த அம்மா யாரு? நேத்து தட்டு வச்சிருந்தாங்களே, அவங்களா?"

"ஆமா துரை."

"உங்க தங்கச்சின்னு சொன்னீங்களே! அப்ப ரொம்ப சுலபம். உங்களுக்கு ஸ்டாப் வீடு இருக்கு. சொந்தக் குடும்பத்து ஆளுங்களைக் கூட வச்சிக்கலாம், தடை இல்லை. நான் இன்னைக்கே எழுதிக் கொடுத்துர்றேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. நம்பித்தான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அது பேச்சுக்குச் சொன்னது துரை, அவள் வேறு குடும்பம், எங்கள் மேடைப் பேச்சில் எல்லாரும் அண்ணன் தங்கைதான் என்று சொல்லத்தான் திறந்தேன். அந்த நேரத்தில் என் மனசில் முதலில் வந்தது காளியம்மா இல்லை, நீலாவதி இல்லை. என் சுழல் நாற்காலி. அதை எங்கே போடுவது? இவ்வளவுதான் நான். பிறகுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. எங்கே வைக்கட்டும் என்று கேட்டவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"ஆமா துரை" என்றேன். "தங்கச்சிதான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சீதா அடுப்பை அணைத்தாள்.

"எந்த ரூம்ல?"

"ஆபீஸ்லதான்."

"அந்தக் கேடயத்தையெல்லாம் கழட்டுங்க. ஆணியை மட்டும் விட்டுருங்க, அவங்க துணி மாட்ட வேணும்."

காளியம்மாவிடம் சொல்லத்தான் கால் போகவில்லை. அவள் லயத்து வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் கையிலிருந்த கொத்தை முழுவதும் உருவி முடித்தாள்.

"நேத்து துரை கேட்டப்ப சொல்லியிருந்தா, என் வீட்லயே இருந்திருப்பேன்ல?"

"ஆமா காளி."

"நீலா அப்பா செத்ததும் இந்த வீட்லதான்."

கோட்டு இருந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். சுவெட்டரோடு நின்றேன். காளியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவரு கட்டுன கோழிக்கூடு ஒண்ணு இருக்கு. அதையும் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தன் லோரியைக் கொண்டுவந்தார். கமிட்டியே சாமான் தூக்கியது. கோழிக்கூட்டின் முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தைச் சாமிநாதனும் பிடித்தோம். எங்கள் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாரும் சேர்ந்து தூக்கிய முதல் பொருள் அதுதான். வசந்தன் பழக்கதோஷத்தில் போட்டோ எடுக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்த அறையில் அவர்கள் இருக்கிறார்கள். என் மேசை நீலாவதியின் மேசையாகிவிட்டது. என் பெயர்ப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கால்குலேட்டர் வைத்திருக்கிறாள். முன்பு தலைவர் என்று கூப்பிட்டவள் இப்போது மாமா என்கிறாள். காலையில் டீ ஊற்றிக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. நிமிர்ந்து பார்க்காமல் "தேங்க்ஸ் மாமா" என்பாள். சங்கக் கூட்டம் சமையலறையில் நடக்கிறது. இடம் பற்றாததால் மூத்த ஆலோசகர்கள் வருவதில்லை. முடிவுகள் சீக்கிரம் எடுக்கப்படுகின்றன.

சாந்தினிக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். "அந்தப் பிள்ளைக்கு இங்லிஷ் கட்டுரை எப்படி எழுத வருது? அனுப்பச் சொல்லுங்க, நான் திருத்தித் தர்றேன்" என்றாள். அவ்வளவுதான். வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

காளியம்மா என்னை இன்னும் மன்னிக்கவில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டாள், தலைவரே தலைவரே என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வந்த இரண்டாம் நாள் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"இதெல்லாம் என்ன தலைவரே?"

"எனக்குப் போட்ட பொன்னாடைங்க."

"உடுத்தவே இல்லையா?"

"இல்ல."

"கம்பளி மாதிரி இருக்கே" என்று ஒன்றை உதறினாள். அன்றிலிருந்து நீலாவதி சரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கணக்குப் போடுகிறாள். இரண்டை மடித்துப் பாய்க்கு அடியில் விரித்தார்கள். ஒன்று கோழிக்கூட்டுக்குப் போனது. மந்திரி கையால் போர்த்தியது அது. கோழிகள் சௌகரியமாகத்தான் இருக்கின்றன.

நேற்றுக் காலை நல்ல பனி. டீ கொண்டுபோனேன். காளியம்மா ஜன்னலோரம் நின்று சட்டத்தின் இடுக்கில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலாவதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச வாரத்தில் பரீட்சை.

"காத்து உள்ள வருது. பிள்ளைக்கு முதுகுல அடிக்குது. பொன்னாடை இன்னும் ஒண்ணு இருக்கா தலைவரே?"

அலமாரியில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். ஒன்று இருந்தது. என்னைத் தலைவராக்கிய அன்று போர்த்திய முதல் பொன்னாடை. ஆபீசைக் காலி செய்தபோது அதை மட்டும் யாருக்கும் தெரியாமல் என் தலையணைக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிரச்சினை இல்லை என்று சொல்லிப் பழகிய வாய்தானே.

"இருக்கு காளி" என்றேன்.

போய் எடுத்து வந்து, அதை நீளவாக்கில் முறுக்கி, ஜன்னல் இடுக்கில் நானே செருகினேன். அளவு சரியாக இருந்தது. காளியம்மா கையை வைத்துப் பார்த்தாள்.

"நின்னுருச்சுண்ணே" என்றாள்.